மாஸ்டர் வெட்டிய வட்டம்

கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் தெருவுக்கு இன்றைக்கும் அவர் மாஸ்டர்தான். பால் வாங்கப் போனாலும் மாஸ்டர், பல் பிடுங்கப் போனாலும் மாஸ்டர். உடுப்புக் கம்பெனியின் மாடியில் முப்பத்தாறு வருஷம் நின்றுகொண்டே துணி வெட்டியவர். "நான் வெட்டின ஒரு பீஸ் கூட அளவு தப்புன்னு திரும்பி வந்தது கிடையாது" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார், துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லப் பார்த்திருக்கிறார். அந்தப் பெருமைக்குத்தான் ஒரு வட்ட ஸ்டூல் வந்து வேட்டு வைத்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதே கம்பெனியின் கீழ்த்தளத்தில் முப்பது வருஷம் மிஷினில் உட்கார்ந்தவள். அங்கே எல்லோரும் அவளைப் பெரியக்கா என்பார்கள். வயதில் மூத்தவள் என்பதற்காக அல்ல, வாயில் மூத்தவள் என்பதற்காக. அந்த வாய் இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வலது கை மடங்குவதில்லை. பகல் முழுக்க ஜன்னலோரம் நாற்காலியிலேயே இருந்ததால் இரண்டு காலும் வீங்கின. டாக்டரம்மா கட்டை விரலால் கணுக்காலை அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"காலத் தொங்கப் போடவே கூடாது. தினம் மூணு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம் ஒரு ஸ்டூல் மேல தூக்கி வைங்க. ரெண்டு வாரம் பாக்கறேன். வத்தலன்னா வார்டுல சேத்துடுவேன்."

போன தடவை அந்த வார்டில் பத்தொன்பது நாள் இருந்தாள். போகும்போது இருந்த பேச்சில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. இன்னொரு தடவை போனால் மீதிப் பாதியும் திரும்பி வராது என்று மாஸ்டர் பயந்தார்.

வெளியூரில் இருக்கும் மகன் நான்காம் நாளே ஒரு ஸ்டூலை அனுப்பிவிட்டான். வட்டமாக, முழங்கால் உயரத்தில், பளபளவென்ற பழுப்பு ரெக்சின் போட்டது. காலை வைத்தால் குதிகால் வழுக்கியது. நேரம் ஆக ஆக ரெக்சின் வியர்த்துத் தோலோடு ஒட்டியது. துண்டை விரித்தார்கள், துண்டும் சேர்ந்து வழுக்கியது. இரண்டாம் நாள் வலது கால் தொப்பென்று தரையில் விழுந்ததும் பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் யார் சொல்லியும் அதில் காலை வைக்கவில்லை.

"பஞ்சு வெச்ச உறை ஒண்ணு போட்டா சரியாப் போயிடும். முனைக் கடை டெய்லர்கிட்ட குடுக்கட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"என் வீட்டுக்குக் கடையில தச்ச உறையா? அதுக்குக் கால் வீங்கியே கெடக்கட்டும்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒற்றைக் காலில் நின்றாள். மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை.

"அப்ப நானே தைக்கிறேன்."

பெரியக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

மாஸ்டர் தையல் மிஷினின் மூடியைத் தூக்கியதும் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. அப்படியே பழைய கம்பெனிக்குள் போய் நின்ற மாதிரி இருந்தது அவருக்கு. மேலே இருபது அடி நீள மேசை, அதில் நாற்பது மடிப்புத் துணி. அறையின் மூலையில், தரையில் ஒரு சதுர ஓட்டை. வெட்டிய துணிகளைக் கட்டாகக் கட்டி, நம்பர் சீட்டு எழுதிச் செருகி, கூடையில் வைத்துக் கயிற்றில் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்குவார்கள். கீழே நாற்பது மிஷின் ஒன்றாக ஓடும். அந்த இரைச்சலையும் மீறி ஒரு குரல் மேலே ஏறி வரும். "மாஸ்டர், பன்னண்டாம் நம்பர் கட்டு எங்க? தூங்கிட்டீங்களா?" முகம் பார்ப்பதற்கு முன்னால் அவர் அந்தக் குரலைத்தான் பார்த்தார், அதாவது கேட்டார். பன்னிரண்டாம் நம்பர் கட்டை வேண்டுமென்றே தாமதமாக இறக்கிய நாட்களும் உண்டு. அது ஒரு காலம். இப்போது அதே குரல் தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கையைத்தான் காட்டுகிறது.

பெரியக்காவின் துணிப் பெட்டியிலிருந்து அடர்நீலப் பருத்தித் துணியை எடுத்தார். கடையிலிருந்து பஞ்சு ஷீட் வாங்கி வந்தார். ஸ்டூலின் மேல்பக்கம் பதினெட்டு இஞ்ச். தையலுக்குச் சுற்றிலும் அரை அரை இஞ்ச் சேர்த்தால் பத்தொன்பது. நடுவில் குண்டூசி குத்தி, நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் சாக்பீஸைப் பிடித்துச் சுற்றினார். கத்தரியை வைத்தால் எடுக்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டினார். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று வட்டம். மூன்றையும் அடுக்கினால் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

பெரியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

"நீங்க மாஸ்டர். நான் என்ன சொல்றது?"

வெட்டுவதில் புலியாக இருந்தவர் மிஷினுக்கு முன்னால் பூனையானார். கம்பெனியில் அவர் கத்தரியோடு சரி. கூடை கீழே போனபின் அந்தத் துணிக்கு என்ன நடந்தது என்பது அவர் கவலை இல்லை. இரண்டு நாளில் நான்கு ஊசி உடைந்தது. பாபினில் அடிநூல் சிக்கிக் குருவிக்கூடு கட்டியது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிசையாகக் கோடு கோடாகத் தைத்து, பின் குறுக்கே தைத்து, கட்டம் கட்டமாக முடித்தார். பஞ்சு ஒவ்வொரு கட்டத்திலும் பொம்மென்று எழும்பி நின்றது. அழகாகத்தான் இருந்தது. கொண்டுபோய் ஸ்டூலின் மேல் வைத்தார்.

பத்தொன்பது இஞ்ச் வட்டத்தைக் காணவில்லை. ஒரு பக்கம் பதினெட்டே கால், இன்னொரு பக்கம் பதினேழே முக்கால். வட்டமாகப் போனது முட்டையாகத் திரும்பி வந்திருந்தது. இன்னும் தையலுக்குப் பிடிக்க வேண்டிய அரை இஞ்ச் வேறு பாக்கி. இப்படி இழுத்துப் பார்த்தார், அப்படி இழுத்துப் பார்த்தார். இஞ்ச் டேப்பையே சந்தேகப்பட்டு வேறு டேப்பால் அளந்தார். கடைசியில் மனைவி பக்கம் திரும்பினார்.

"பஞ்சு வெச்சுத் தச்சா துணி உள்ள இழுக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மொதல்ல தச்சுட்டு அப்புறம்தான் வெட்டணும்."

"அப்புறம் ஏன் பாத்துக்கிட்டே உக்காந்திருந்த?"

"குளிர் ஜாக்கெட் வெட்டினப்பவும்தான் சொல்லல."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. குளிர் ஜாக்கெட்! அவர் வாழ்க்கையிலேயே பேர் சொல்லும் வேலை அதுதான். அறுநூறு ஜாக்கெட், பஞ்சு வைத்தது, விலாவில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பட்டி ஓடும். வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டி பிடித்துப்போய், அடுத்த வருஷமும் பட்டி வைத்தே வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கம்பெனி சொல்லிக் கீழே சேர்த்த பட்டி என்றே மாஸ்டர் நினைத்திருந்தார்.

"அந்தப் பட்டி யோசனை யாருக்கு வந்துச்சோ, அவனுக்குக் கோயில் கட்டலாம்" என்றார்.

"அது யாரோட யோசனையும் கிடையாது, மாஸ்டர்."

பெரியக்கா நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"இப்ப மாதிரியேதான். மொதல்ல அளவா வெட்டிக் கீழ அனுப்பிட்டீங்க. பஞ்சு வெச்சுத் தச்சதும் ஒவ்வொண்ணும் முக்கால் இஞ்ச் குறைஞ்சு போச்சு. அறுநூறும். எட்டுப் பேரு சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம உக்காந்து, மிச்சத் துணியில பட்டி வெச்சுச் சேத்தோம். பன்னண்டு நாள்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நானே போய் மேனேஜர்கிட்ட ஒத்துக்கிட்டிருப்பேனே!"

"அன்னைக்கே சீட்டுக் கிழிச்சிருப்பாங்க."

"கிழிக்கட்டுமே! உங்களுக்கென்ன வந்துச்சு? அந்தக் கம்பெனியில எனக்காக யாரு இருந்தா?" மாஸ்டருக்குக் குரல் ஏறியது. "அப்பதான் எங்கம்மா போனாங்க. அத்தன பேருல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாற்பத்தொரு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவளிடம் இதை அவர் சொன்னதே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு முள்ளாகவே வைத்திருந்தார்.

"அதனாலதான்" என்றாள் பெரியக்கா. "அம்மா போயி அஞ்சாம் நாளே வேலைக்கு வந்துட்டீங்க. கூடையில வர்ற சீட்டுல எழுத்தெல்லாம் கோணிக் கோணி இருந்துச்சு. அம்மாவும் போயி வேலையும் போனா இந்த மனுஷன் என்ன ஆவான்னு பேசிக்கிட்டோம். வந்து கேக்கலாம்னா எங்கள மாடி ஏற விடமாட்டாங்க. கேட்டுல பாத்துக் கேக்கலாம்னா, வாயத் தொறந்தா ஜாக்கெட் விஷயமும் வந்து விழுந்துடுமோன்னு பயம். அதான் உங்களப் பாத்தா எட்டுப் பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவோம்."

மாஸ்டருக்கு அந்தக் குனிந்த தலைகள் நன்றாக நினைவிருந்தன. சாயங்காலம் கேட்டில் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். திமிர் என்று நினைத்திருந்தார். அன்றிலிருந்து கீழ்த்தளத்துக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவர் போனதில்லை. பெரியக்காதான் தனியாகப் போய்வருவாள்.

"கல்யாணம் ஆனப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எங்க விட்டீங்க? தெனமும், ஒரு பீஸ் கூடத் திரும்பி வந்ததில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது பொய் இல்லையே. திரும்பி வரலதானே."

மாஸ்டர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்பட நினைத்தார், வரவில்லை. வெட்கப்பட்டார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான்கு மாதத்தில் அவள் இத்தனை பேசி அவர் கேட்டதே இல்லை.

"சரி, இப்ப இத என்ன பண்றது? சொல்லு."

"வட்டத்த இன்னும் சின்னதாக்குங்க. பதினேழுக்கு வெட்டுங்க. சுத்திப் போடற பட்டிய கிராஸ்ல, துணியக் கோணலாப் போட்டு வெட்டி, ஒரு இஞ்ச் கூடுதல் உயரமா வைங்க. அது மேல ஏறி வந்து வட்டத்தப் பிடிச்சுக்கும்."

மாஸ்டர் அப்படியே வெட்டினார். ஒரு முழு நாள் அவள் ஏவ, அவர் தைத்தார். "இழுக்காதீங்க, தானா போகும்." "சுருக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணா வரட்டும்." "என்ன மாஸ்டர், தூங்கிட்டீங்களா?" மூன்று தடவை பிரிக்கச் சொன்னாள், மூன்று தடவையும் பிரித்தார். அடியில் எலாஸ்டிக் கோத்து, உறையை ஸ்டூலுக்கு மாட்டினார்கள். ஓரத்துச் சுருக்குகளோடு அது கொஞ்சம் குண்டாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. பெரியக்கா இடது காலைத் தானே தூக்கி வைத்தாள். வலது காலை மாஸ்டர் தூக்கி வைத்தார். வழுக்கவில்லை.

"ஓரத்துல ஒரு இடம் முண்டா இருக்கு" என்றாள்.

"பிரிக்கட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

டாக்டரம்மா கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தினம் மூன்று வேளையும் கடிகாரத்தைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். அந்த நேரத்தில் மாஸ்டர் அந்த எட்டுப் பேரைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். எட்டாவது ஆள் பெரியக்காதான். மற்ற ஏழு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. மூன்று பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. காஜா பட்டன் வேலை செய்தவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், மகள் வீட்டில் இருக்கிறாள். மாஸ்டர் காய்கறிக் கடையில் வாரம் இரண்டு தடவையாவது பார்க்கும் கண்ணாடிக்காரி அவள்தான். பார்த்தும் பார்க்காத மாதிரிதான் போய்வருவார்.

கெடு முடிந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மறுபடியும் கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மூன்று எண்ணுவதற்குள் நிரம்பிவிட்டது.

"வார்டெல்லாம் வேணாம். இதே மாதிரி வைங்க, போதும்."

திரும்பும் வழியில் மாஸ்டர் வண்டியைப் பின் தெருவுக்கு விடச் சொன்னார். பெரியக்காவை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, பட்டன்காரி வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன சொல்வது என்று ஐந்து நாளாக மனசுக்குள் எழுதிப் பார்த்திருந்தார். நன்றி என்ற வார்த்தை நாலு இடத்தில் வந்தது.

கதவு திறந்தது. பட்டன்காரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியில் இருந்த பெரியக்காவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டாளா?" என்றாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். எழுதி வைத்ததைச் சொல்ல வாயெடுத்தார்.

பட்டன்காரி நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு, மாஸ்டர்? நல்லாத்தானே இருந்தாங்க?"

நாற்பத்து மூன்று வருஷமாகக் கீழ்த்தளத்தில் ஒருவரும் வந்து கேட்காத கேள்வி. மாஸ்டர் அந்த வாசல்படியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தாம்மா இருந்தாங்க. மூணே நாள் காய்ச்சல்" என்று சொல்ல ஆரம்பித்தார்.