வனக் கேட்டில் காத்திருந்த சீத்தாப்பழம்

நான் கல்யாணமாகி ஜவ்வாது மலைக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் நட்ட சீத்தா மரங்கள் காய்ப்புக்கு வந்திருந்தன. சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைத்த குடும்பம் அது. சீத்தாவைச் சந்தைக்கென்று நட்டவர் அங்கே அவர் ஒருவர்தான். வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வந்து பழத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வார். அங்கிருந்து அது ரயிலேறி மெட்ராஸுக்குப் போகும்.

சீத்தா காத்திருக்கிற பழம் இல்லை. காயின் தோலில் கண்கள் விரிந்து திறந்ததும் பறித்துவிட வேண்டும். பறித்துவிட்டால் சீக்கிரமே கனிந்து பிளந்துகொள்ளும். ஆனால் ஆலங்காயத்துக்கு இறங்கும் வண்டித்தடத்தின் அடியில், மரம் கடத்தாமலிருக்க வன இலாகாக்காரர்கள் ஒரு கேட் போட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். விறகு வண்டி, தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகும் மரப்பட்டை வண்டி, புளி மூட்டை, எங்கள் பழக்கூடை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வழி. சொந்த நிலத்தில் விளைந்ததா, காட்டில் பறித்ததா என்று ஒவ்வொரு வண்டியையும் இறக்கிப் பார்ப்பார்கள். அனுமதி எழுதிப் பாஸ் கொடுக்கிறவர் வெளியூர் போய்விட்டால் வண்டிகள் மலை வளைவு வரை நிற்கும்.

பாய் காவல்காரரிடம் கெஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன்.

"வெறகு நாளைக்கும் வெறகாதான் இருக்கும், ஐயா. பழ வண்டிய மட்டும் முன்னாடி வுடுங்க."

"வரிசைன்னா வரிசைதான், பாய். உங்களுக்குன்னு தனி ரூலா போட்டுக்கீறாங்க?"

அந்த முறை சங்கிலியைத் திறந்தபோது வண்டியின் அடிப்பலகையிலிருந்து சாறு ஒழுகியது. ஈ மொய்த்த கூடைகளை என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் கவிழ்த்தார். பாய் அவர் தோளில் கை வைத்து, "இந்த தபா போவட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பருவத்தில் வீட்டுக்காரர் வண்டி கட்டவில்லை. ஆடு இறங்கும் பாறைத் தடத்தில் கூடையைத் தலையில் சுமந்துபோய், கேட்டுக்குக் கீழே நிற்கும் பாயின் லாரியில் சேர்ப்பதாகச் சொன்னார்.

"மழ பேஞ்சிக்கீது. பாறை வழுக்கும்," என்றேன்.

"வண்டில போனா பழம் பூடும். நம்ம நெலத்துப் பழம்தான, திருடனதா இன்னா?"

நான் சின்னக் கூடையோடு பின்னால் இறங்கினேன். திருப்பத்தில் அவரைக் காணவில்லை. கூடை உருளும் சத்தம்தான் கேட்டது. கீழே போய்ப் பார்த்தால் பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். "பழம் இன்னா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

பாய் தன் லாரியிலேயே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்ப வரவில்லை.

மறு வருஷம் கேட்டின் சட்டம் மாறியது. பாயும் மற்ற வியாபாரிகளும் பல தடவை அலைந்து முறையிட்ட பிறகு, பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்தார். பட்டா நிலத்தில் விளைந்ததற்குப் பாஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. விறகுக்கும் பட்டைக்கும் தனித் தடம் வெட்டினார்கள்.

முதல் நாள் நானே வண்டி ஓட்டிப் போனேன். காவல்காரர் கையை அசைத்தார், போய்விட்டேன். வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பி, சந்தோஷம் தாங்காமல் படுக்கையில் கிடந்த அவரிடம் சொன்னேன்:

"நிறுத்தவே இல்ல. போன்னு கைய காட்டிட்டாங்க."

"பழம் கெட்டியா இருந்துச்சா?" என்றார்.

"இருந்திச்சு."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு நான் எத்தனையோ பருவம் பழம் கொண்டுபோனேன். கேட்டைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சில வருஷம் படுக்கையிலேயே இருந்து, ஒரு ஐப்பசியில், பழம் பறிக்கிற நாட்களிலேயே இறந்துபோனார். அதற்குள் தடத்தை அகலப்படுத்தி லாரி மேலேயே வரத் தொடங்கியிருந்தது. ஆள் போய்ச் சொன்னதும் பாய் கிளம்பி, அடக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

"அந்த கேட்டுல ஒரு வருசம் முன்னாடி வுட்டிருக்கலாமேம்மா," என்று வாய்விட்டு அழுதார்.

எல்லாம் முடிந்து பாய் புறப்பட்டபோது, முந்தின நாள் பறித்த கூடைகள் வாசலில் அப்படியே இருந்தன. அவற்றைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

"ஏத்திக்கினு போங்க பாய்," என்றேன். "இங்க இருந்தா கெட்டுப்பூடும்."

அவரே ஒவ்வொரு கூடையாகத் தூக்கி லாரியில் வைத்தார்.