கார்ப்பரல் கெலேபியின் முட்டி

கார்ப்பரல் கெலேபியின் வலது முட்டி உடைந்தது ஒரு பன்றியால். எங்கள் ஸ்டேஷனில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காகிதத்தில் "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும்தான் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் நெமானியின் மகளுக்குக் கல்யாணம். விருந்துக்காகக் கட்டிவைத்திருந்த பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். டூட்டியில் நானும் கெலேபியும் இருந்தோம்.

"பிடிச்சிட்டு வாங்க. இதையும் ஒரு கேஸா நினைச்சுக்கங்க" என்றார்.

கெலேபிக்கு நாற்பத்தெட்டு வயது. நல்ல கனத்த உடம்பு. யூனிபார்ம் சுலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக்குள் இறங்கினார். பன்றியைப் பிடித்தும்விட்டார். பிடித்த பிடியிலேயே ஆலைக்குப் போகும் கரும்பு வண்டித் தண்டவாளத்தில் கால் மாட்ட, பன்றி ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாகத் திரும்பின. நான் முதலில் பன்றியை இன்ஸ்பெக்டர் வீட்டில் சேர்த்தேன். பிறகு கெலேபியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உத்தரவு அந்த வரிசையில்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் முட்டியைப் பிரித்துச் சேர்த்தார்கள். ரோந்து கூடாது, ஏறி இறங்கக் கூடாது, உட்கார்ந்த வேலைதான் என்றார் டாக்டர். கெலேபி கையில் கம்போடு வந்து டெலிபோன் மேசையைக் கேட்டார்.

அந்த மேசையில் இன்ஸ்பெக்டரின் அக்கா மகன் சைலோசி இருந்தான். எங்கள் ரக்பி அணியில் அவனை இடித்தவர்கள் எழுந்து நிற்க நேரமாகும். ஸ்டேஷனில் அவன் தூக்கிய ஒரே பாரம் டெலிபோன் ரிசீவர். ஸ்டோரில் இன்ஸ்பெக்டரின் மச்சினன். உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் எங்கள் ஸ்டேஷனில் கட்டுமஸ்தான ஆட்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

"கெலேபி, உன் நல்லதுக்குச் சொல்றேன். உன்னை நாகேலு தீவுக்கு மாத்தி எழுதியாச்சு. அங்க குத்தமே நடக்காது. அந்தத் தீவே ஒரு லேசான வேலைதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, படகு பவளப்பாறைக்கு வெளியிலயே நின்னுடும். இடுப்பளவு தண்ணியில நடந்துதான் கரைக்குப் போகணும். ஸ்டேஷன் குன்று மேல இருக்கு."

"உப்புத் தண்ணி முட்டிக்கு நல்லது."

விஷயம் வேறு. தலைநகர் சூவாவிலிருந்து சூப்பரின்டெண்டன்ட் ஆய்வுக்கு வரவிருந்தார். கம்பு ஊன்றிய போலீஸ்காரனைப் பார்த்தால் எப்படி ஆச்சு என்று கேட்பார். கேள்வி எழுவதற்குள் கேள்விக்குக் காரணமானவன் கடல் தாண்டிவிட வேண்டும். ஆனால் அந்த வாரம் கடல் கொந்தளித்ததில் படகு கிளம்பவில்லை.

கெலேபியின் மனைவி வாசிதி சந்தையில் சேப்பங்கிழங்கு விற்பவள். அவள் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

"பன்னி கால் உடைஞ்சிருந்தா உங்க இன்ஸ்பெக்டர் மாட்டு டாக்டரையாவது கூப்பிட்டிருப்பார். நீ அந்த ஒசரத்துக்குக்கூட வரல" என்றாள் என் எதிரிலேயே. கெலேபி சிரித்துவைத்தார். "சிரிக்காத. போய்ச் சண்டையும் போடாத. முறைப்படி கேளு. முறை முறைன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவர்தானே, அவர் மாட்டேன்னு சொல்லட்டும் பாப்போம்."

தன் அண்ணனிடமிருந்து, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யாங்கோனா வேரில் நல்லதாக ஒரு கட்டு வாங்கிவந்து கணவன் கையில் கொடுத்தாள்.

ஆய்வு முடிந்த சாயங்காலம் ஸ்டேஷன் பின்கொட்டகையில் பாய் விரித்து, யாங்கோனா கரைத்து, சூப்பரின்டெண்டன்ட் உட்பட எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கெலேபி கம்பை வாசலிலேயே வைத்துவிட்டுக் குனிந்தபடி நொண்டி வந்தார். பெரியவர்கள் பக்கம் கால் நீட்டக் கூடாது. மடங்காத காலை என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீட்டினார். வேர்க்கட்டை நெமானியின் முன்னால் வைத்தார். அந்தக் கட்டை ஏற்றுக்கொண்டு கைதட்டிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். ஏற்காமல் தள்ளினால், அத்தனை பேர் நடுவில் மானம் போகும்.

"ஐயா, உங்க மகள் கல்யாணம் குறையில்லாம நடந்துச்சு. அதுல எனக்கும் சின்னதா ஒரு பங்கு இருந்தது" என்று ஆரம்பித்தார் கெலேபி.

"அப்படியா? என்ன பங்கு?" என்றார் சூப்பரின்டெண்டன்ட்.

"அதை இன்ஸ்பெக்டர் ஐயா வாயால சொன்னாத்தான் மரியாதைங்க."

நெமானியின் கை வேர்க்கட்டை எட்டிப் பிடித்துவிட்டது. கெலேபி இன்னும் எதையும் கேட்கவே இல்லை.

"வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டேன். டெலிபோன் மேசை உனக்குத்தான். நாளையிலிருந்து உக்காரு" என்று சொல்லிப் படபடவென்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அன்று போல் நான் மனதாரத் தட்டியதே இல்லை.

சூப்பரின்டெண்டன்ட் நெகிழ்ந்துபோனார். அடிபட்டவர்களை அரவணைக்கும் அதிகாரி என்று நெமானிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை அவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

தீவுக்கு ஒரு ஆள் போயே ஆக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மேசை இழந்த சைலோசி போனான். அவன் அம்மா ஸ்டேஷனுக்கு வந்து தம்பியை ஏசிய ஏச்சு சந்தை வரை கேட்டதாம். வாசிதி கடையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்.

கெலேபிக்கு முட்டி இன்னும் பாதிதான் மடங்குகிறது. டூட்டியில் பட்ட அடி என்று எழுதாததால் நஷ்டஈடு இல்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, சூப்பரின்டெண்டன்டே வாய்விட்டுக் கேட்டார். உண்மையைப் போட்டு உடைச்சிருக்கலாமே?"

கெலேபி மடங்காத காலைக் கையால் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார்.

"உடைச்சிருந்தா நெமானிக்கு ரெண்டு நாள் வெக்கம், எனக்கு நாகேலு. சூப்பரின்டெண்டன்டும் கல்யாணத்துக்கு வந்தவர்தான் ரங்கா. அந்தப் பன்னிக் கறியை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ பாக்கல, நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். பரிமாறினது வாசிதி."