வெள்ளைப்பூடு தின்னாதவர்

எங்கள் ஆய்வுகூடத்தைச் சுத்தம் செய்ய அவர் கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பேசும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். தோட்டத்துத் துரைக்குக் காட்டும் மரியாதை எனக்கும் கிடைக்கிறதென்று உள்ளூரப் பூரித்திருந்தேன்.

“கைய எடுங்க, நான் துரையில்ல,” என்றேன் ஒருநாள், பெருந்தன்மையாக.

“மரியாதைக்கு இல்லீங்க சேர். வாயில வெள்ளப்பூடு நாத்தம். நான் பூடே திங்கிறதில்ல. வீட்லயும் ஒதுங்குறாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. என் ஆய்வுக்கு நான் எடுக்கும் தெலூரியம் நாற்குளோரைட்டு ஈரக்காற்று பட்டால் புகையும். உடம்பில் சேர்ந்தால் மூச்சில் பூண்டு நாறும். போத்தலைச் சரியாக மூடாமல் போவது நான். சிந்திய அந்த மஞ்சள் நிறத் தூளை வெறுங்கையால் துடைப்பது அவர்.

“பல்ல டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க,” என்றேன்.

அடுத்த வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். “பெரிய உதவிங்க சேர்,” என்றார், வாயைப் பொத்தியபடி.