பதில் சொல்ல ஓர் ஆள்

கனடாவில் மொன்றியல் நகருக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் இருந்த எங்கள் வீடு எரிந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நின்றேன். மனைவியும் பிள்ளைகளும் தப்பியிருந்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது ஒரு தமிழர் வந்தார். காப்புறுதிக் கொம்பனியிடம் எங்கள் பக்கம் நின்று நட்டஈடு பேசித் தருவது தன் தொழில் என்று சொல்லி, லைசென்ஸையும் பிணைப் பத்திரத்தையும் நீட்டினார். நான் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தேன். நம்மவரிடம் அத்தாட்சி கேட்பது எங்களுக்குள் மரியாதைக் குறைவு.

“எங்கட ஆள்தானே அண்ணை. ஒப்பந்தத்திலை எங்கை கையெழுத்து வைக்கவேணும்?”

அவர் முகம் கடுகடுத்தது. “எங்கட ஆள் எண்டபடியால்தான் சொல்லுறன், வாசியுங்கோ. நான் ஏமாத்தினால், எனக்குப் பிணை நிக்கிற கொம்பனி உங்களுக்குப் பதில் சொல்லவேணும். அந்தப் பிணை இல்லாத ஆளிட்டைக் கையெழுத்து வைக்காதேங்கோ.”

பத்திரங்களைத் திரும்ப வாங்கி, விறைத்த விரல்களால் பிடித்து வாசித்தேன். ஓர் எழுத்தும் மனதில் ஏறவில்லை. அவர் சொன்னது மட்டும் ஏறியது.

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து என் முதல் வீடு எரிந்தபோது, யார் பதில் சொல்வது என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.