அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி எழுதுகிறாள். சொல்வதும் அவளைப் பற்றித்தான், பாருங்கள் கூத்தை! எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

செல்வி செல்போன் கம்பெனியில் வேலை செய்தவள். ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். வைத்த சோறு காய்ந்தது.

பேத்தி யாழினிக்கு ஐந்து வயது. "ஆயா, அம்மா ஏன் தூங்கினே கீது?" என்றாள்.

"நைட் ஷிஃப்ட்டுடி, எழுப்பாத."

சுற்றிலும் கம்பெனிகள் இருக்கும் எங்கள் மண்ணூரில் பாதி வீடுகளில் பகலில் யாராவது தூங்குவார்கள். பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

டாக்டரம்மாவிடம் காட்டினோம். மனச்சோர்வு (மனம் வாரக்கணக்கில் துவண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போகும் நோய்) என்றார். மாத்திரை கொடுத்தார். குழந்தையிடம் நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் ஷிஃப்ட் வாராவாரம் மாறும் என்பது யாழினிக்குத் தெரியும். மூன்றாம் வாரம் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா கழுத்துல மாட்டினு போற கம்பெனி டேக்கு ஆணியிலயே கீது. அம்மா வேலைக்கே போவல. நான் செருப்பத் தொலச்சேன்ல, அதுக்குத்தான எங்கூடப் பேசல?"

அன்று வைத்தது கருவாட்டுக் குழம்பு. தீய்ந்தே போனது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மறைக்காதீங்க பாட்டிம்மா. விஷயம் தெரியலன்னா, தப்பு தன்னோடதுன்னு குழந்தை நினைச்சுக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் யாழினியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆயா பொய் சொல்ட்டேன். அம்மாக்கு ஷிஃப்ட்டு இல்ல. மனசுக்கு ஒடம்பு சரியில்ல. அது உன்னால வர்ல."

"மனசுக்கு ஏது ஒடம்பு?" என்று சிரித்தாள். பிறகு, "உன் முட்டிவலி மாதிரியா?"

"ஆமாண்டி. வெளிய தெரியாது. வலிக்கும்."

"எனக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

ஓடிப்போய் அம்மாவின் முதுகோடு முதுகாகப் படுத்துக்கொண்டாள். செல்வி திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

உடனே எழுந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மாதங்கள் ஆயின. மாத்திரை இன்னும் உண்டு. முன்பு கம்பெனி பஸ் ஹாரன்தான் எங்களுக்குக் கடிகாரம். இப்போது செல்வி குளித்தால் காலை. மகளுக்குத் தலை பின்னிவிட்டால் நல்ல நாள்.

இதை எழுதிக்கொண்டு வரும்போது, 'உன்னால வர்ல' என்று நான் சொன்ன இடத்தில் செல்வியின் கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா, பேனா தீந்துடுச்சா?"

"இல்லத்தே. அத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.