வலை இறக்கிய வள்ளம்

1963 அக்டோபரில் எழும்பூரில் ரயில் ஏறியபோது என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, மண்டபத்துக்கு எதிரே ஒரு தீவில் விளக்கு வைக்க என்னை அனுப்பும் ஆபீஸ் உத்தரவு. இன்னொன்று, ஜூன் மாதப் பத்திரிகையிலிருந்து நான் வெட்டி வைத்த ரஷ்யாக்காரியின் படம். அவள் மூன்று நாள் வானத்தில் இருந்து பூமியை நாற்பத்தெட்டு முறை சுற்றிவிட்டு வந்தவள். நானோ இஞ்சினியர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாக மேஜையில் படம் வரைந்தவள். இதுதான் எனக்குக் கிடைத்த முதல் வெளிவேலை. நன்றாக முடித்தால் இனி மற்ற இஞ்சினியர்களைப் போல என்னையும் வெளியே அனுப்புவார்கள். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை மேஜைதான்.

மறுநாள் மானாமதுரையில் ஏறிய அபிராமத்துக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் ரஷ்யாக்காரி கதையை எனக்கே ஒரு வரி விடாமல் சொன்னார். பிறகு விசாரணை தொடங்கியது.

"வீட்டுக்காரருக்கு மண்டபத்துல வேலையாம்மா?"

"எனக்குத்தான் வேலை. நான் இஞ்சினியர்."

"நல்லாத்தான் கேலி பண்றீக!" என்று சிரித்தார். வானத்தில் போனவளை நம்பிய மனுஷனுக்கு எதிர் சீட்டில் இருப்பவளை நம்ப முடியவில்லை. பரமக்குடியில் இறங்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

மண்டபம், பகல் இரண்டு மணி. சென்னையிலிருந்து ஏறக்குறைய நானூறு மைல். ஸ்டேஷனில் காப்பி பதினைந்து காசு, அதில் பாதி உப்புத் தண்ணீர். அரை மைல் தூரத்துக்குக் குதிரை வண்டி ஐம்பது காசு. எங்கள் மெக்கானிக் வரதன் இரண்டு நாள் முன்னதாகவே விளக்குப் பெட்டிகளுடன் வந்து காத்திருந்தார். தீவு கரையிலிருந்து இரண்டு மைல். பெயரை எழுதக் கூடாதாம், அரசாங்க ரகசியம். அங்கே இருப்பதோ நண்டும் கொக்கும்தான்.

விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது காஸில் எரிவது. இருட்டினால் தானே பற்றிக்கொள்ளும், விடிந்தால் தானே அணையும். ஆளே வேண்டாம். படம் வரைந்ததும் நான், மூன்று மாதம் பட்டறையில் நின்று ஒவ்வொரு திருகாகப் பூட்டியதும் நான். அதைத் தீவில் நிறுத்தி முதல் முறை காஸைத் திறந்துவிட வேண்டியதும் நான்தான்.

அன்று பிற்பகலில் ஒரு மடத்தனம் செய்தேன். 'வந்து சேர்ந்தேன். நாளைக் காலை தீவுக்குப் போகிறேன்' என்று ஆபீசுக்குத் தந்தி கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒழுங்கானவள் என்று பெயர் வாங்கியே பழகிய புத்தி.

மறுநாள் காலை எட்டு மணி. வள்ளத்துக்காரர் மிக்கேல் பெட்டிகளை ஏற்றிவிட்டு, "மெக்கானிக்கு வாங்க. அம்மா இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

"ஏன்?"

"வலை கெடக்கிற வள்ளத்துல பொம்பளைக ஏறக் கூடாதும்மா. எங்க வழக்கம் அது. வையாதீக."

நான் வையத்தான் செய்தேன். விளக்கு என்னுடையது, திருகு ஒன்று பிசகினால் காஸ் கசியும், எரியாது என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எரியணும்மா. போன வருசம் எந்தம்பி வள்ளம் அங்கன பாறையில மோதித்தான் ஒடஞ்சுச்சு. ஆளு கெடைக்கல. ஆனா வலை இருக்கே!"

சோற்றுத் தூக்குடன் வந்த அவர் மனைவி அருளம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்கு என்னைய எதுல கூட்டிட்டுப் போனீக? வலைய எறக்கிட்டுத்தான? இப்பவும் எறக்குங்க."

"அப்ப இன்னைக்குப் பாடு?"

"ஒரு நாளு மீனு போனாப் போகுது. தம்பியே போயிட்டானுல்ல."

மிக்கேலும் இன்னும் இரண்டு பேருமாக வலையை மடி மடியாகத் தூக்கி மணலில் போட்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசி மடியும் இறங்கியதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "இப்ப இது ஆளு ஏறுற வள்ளம். வாங்கம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

அப்போதுதான் தந்திச் சேவகர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார்.

'பெண் அதிகாரி கடலில் செல்ல வேண்டாம். மெக்கானிக்கை அனுப்பவும். கரையிலிருந்து மேற்பார்வை பார்க்கவும்.'

வரதன் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், தந்தி வர்றதுக்கு முன்னாடியே வள்ளம் கிளம்பிடுச்சுன்னு சொல்லிடலாம். இவரும் சாயந்திரம் வந்து கொடுத்துட்டுப் போவார்." சேவகரும் நல்லவர், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் இரண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்லத் தயார். நான்தான் பேனாவை வாங்கித் தந்தி ரசீதில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மணி எட்டு நாற்பது என்றும் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

வரதனை உட்கார வைத்து, எந்தத் திருகு, எத்தனை சுற்று, எதற்குப் பிறகு எது என்று ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வள்ளம் போனது. அருளம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் மணலில் உட்கார்ந்து தூரக்கண்ணாடியால் தீவைப் பார்த்தேன். எறும்பளவு இரண்டு ஆட்கள் என் விளக்கை நிறுத்தினார்கள். ரஷ்யாக்காரிக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரமாம். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒன்பது மணி நேரத்தில் அவள் ஆறு முறை பூமியைச் சுற்றியிருப்பாள்.

தீவுக்குப் போனவர்களும் திரும்பிவிட, மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கரையில் நின்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. எரியாதே, எரியாதே என்று நான் மனசுக்குள் சொன்னேன். தம்பியைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படித்தான் வேண்டினேன், பாவி. இன்றைக்கு எரியாவிட்டால் நாளைக்கு என்னை அனுப்பித்தானே ஆக வேண்டும்!

எரிந்தது. ஐந்து வினாடிக்கு ஒரு மின்னல். கடிகாரத்தை வைத்து எண்ணினேன், அரை வினாடிகூடப் பிசகவில்லை.

மிக்கேல் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு வரதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அம்மா செஞ்சதுங்க. நான் முடுக்கினேன், அவ்வளவுதான்" என்றார் வரதன். "ஆமா ஆமா" என்ற மிக்கேல், பிடித்த கையை விடவில்லை.

அருளம்மாள் என் பக்கம் வந்தாள். "எங்க வழக்கத்த மாத்தச் சொன்னீக. அரை மணியில மாத்திட்டோம். ஒங்க ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி வந்ததும் நீங்க நின்னுட்டீகளே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ரயில் ஏறினேன். அதற்கு மறுநாள் எழும்பூர். இங்கேயும் கடல் இருக்கிறது. ஆபீஸ் மாடி ஜன்னலில் ஒரு கீற்றுத் தெரியும்.

மேலதிகாரி என் அறிக்கையைப் படித்தார். வரதனுக்கு எழுதிக் கொடுத்த ஆறு பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம் அம்மா! இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் விளக்கு வைத்துவிடலாமே! இனி உங்களை எதற்கு அலைய விட வேண்டும்?"

"சரி சார்" என்றேன்.