அடுப்புக்கு மேல தொங்கின சைக்கிள்

என் தம்பியோட வலது கை என்னாலதான் போச்சு. இது எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது, அவன் பொண்டாட்டிக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது. கை போச்சுன்னா வெட்டி எடுத்துட்டாங்கன்னு இல்ல. தோள்ல இருந்து தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. முழங்கை மடங்காது, ரெண்டு விரல்ல உணர்ச்சி கிடையாது. ஜீப் ஓட்டிப் பிழைச்சவனுக்கு அந்தக் கை இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உண்மையை அவன்கிட்ட சொல்லிடணும்னு ஒரு நாள் கிளம்பியும் போனேன். அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும்னா சைக்கிள்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

நான் சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட் பேக்டரியில ஃபிட்டர். தேயிலை காய வைக்கிற ட்ரையர் என் பொறுப்பு. எத்தனை டிகிரியில இலை காயும், எத்தனையில கருகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேக்டரியில எந்த மிஷின்ல எந்த போல்ட் லூசுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லல. இவ்வளவும் தெரிஞ்ச ஆளுதான் இந்தக் காரியத்தைப் பண்ணினான்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

ஷிப்டு முடிச்சு ரோட்டோரமா நடந்து வரும்போது, டவுன்ல இருந்து வர்ற சைக்கிள்காரங்க அந்த ஏத்தத்துல ஏறிப் போவாங்க. ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில், விரல் மொத்தத்துக்கு டயர். ஒரு நாள் ஒருத்தன் என்னைத் தாண்டிப் போனான். சத்தமே இல்ல. லாரி முக்கி முனகி ஏறுற இடம் அது. இவன் பாட்டுக்கு மூச்சை மட்டும் விட்டுக்கிட்டு ஏறிப் போயிட்டான். எனக்கு நாப்பத்திரண்டு வயசு அப்போ. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ஒரு பொம்பளைக்கு ஏங்குற மாதிரி அந்த வண்டிக்கு ஏங்கினேன்.

முழு வண்டி நமக்குக் கட்டுப்படியாகாது. கோயம்புத்தூர்ல ஒரு கடையில பழைய ஃபிரேம் ஒண்ணு தொங்குச்சு. வெறும் ஃபிரேம். கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுக்குள்ள சொருகி, பசை போட்டு ஒட்டின பழைய காலத்து மாடல். கருநீலம். ஒரு கையில தூக்கினா பச்சைப்புள்ளையைத் தூக்குற கனம்கூட இல்ல. சாக்குல சுத்தி பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன். வீட்டுக்காரி கொழுந்து எடுத்துட்டு வந்து கூடையை இறக்கக்கூட இல்ல, சாக்கைப் பிரிச்சுப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா.

"சக்கரம் எங்க?"

"அது பிறகு வரும்."

"சீட்டு?"

"அதுவும் பிறகுதான்."

"இந்த எலும்புக்கூட்டை வச்சு என்ன செய்யப்போறீக, துணி காயப் போடவா?"

அவ கிண்டலாத்தான் கேட்டா. ஆனா கடைசியில அந்த மாதிரிதான் ஆச்சு.

எங்க லயம் பத்து வீடு ஒரே தகரத்துக்குக் கீழ ஒட்டி நிக்கிறது. மழைக்காலம் வந்தா சுவரே வேர்க்கும். பெட்டிக்குள்ள வச்ச வேட்டியில பூசணம் பூக்கும். அதனால கெட்டுப்போகக் கூடாத எதுவா இருந்தாலும் எங்காளுங்க அடுப்புக்கு மேல தூக்கிடுவாங்க. அடுப்புக்கு மேல கம்பு கட்டி ஒரு பரண் இருக்கும். அதுல விறகு, அதுக்குப் பக்கத்துல கருவாடு, கம்பளி, ஈரமான யூனிபாரம், எல்லாம் அங்கதான். பெத்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க, நாங்களும் அப்படித்தான். யாரும் யோசிச்சுச் செய்யிறதில்ல.

சாமான் ஒவ்வொண்ணா சேர்ந்துச்சு. பெடல் மாட்டுற கிராங்க் ஒரு பொங்கலுக்கு, பிரேக் லிவர் அடுத்த ஓணத்துக்கு. கொச்சியில ஒருத்தர் வித்த பழைய சக்கரம் ரெண்டு வந்தப்போ, ஸ்போக் ஒவ்வொண்ணையும் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டு இழுவை சரிபண்ணினேன். சின்னச் சாமானை எல்லாம் தகரப்பெட்டியில துணி சுத்தி வச்சுட்டேன். ஃபிரேம் பெட்டிக்குள்ள அடங்கல. அலுமினியத்துல ஈரம் பட்டா பொரிஞ்சு போகுமேன்னு எனக்குப் பதைப்பு. அதனால கயிறு போட்டு, கருவாட்டுக்குப் பக்கத்துல, அடுப்புக்கு நேர் மேல தொங்க விட்டேன். மூணு மழைக்காலம் அது அங்க தொங்குச்சு. தினம் விடியக்காலம் சோறு வேகும்போது அண்ணாந்து பார்ப்பேன். ஈரம் அண்டாம பத்திரமா இருக்குன்னு மனசு குளிரும். அட மடையா! ட்ரையர்ல அஞ்சு டிகிரி ஏறினா ஓடிப்போய் தீயைக் குறைக்கிறவனுக்கு, பசைக்கும் சூடு ஆகாதுன்னு மட்டும் தோணல.

நாலாவது வருசம் தை மாசம், எல்லாச் சாமானும் சேர்ந்த பிறகு இறக்கினேன். புகைக்கரி அப்பிக் கிடந்துச்சு. மண்ணெண்ணெய்த் துணி வச்சுத் துடைச்சேன். ஹேண்டிலுக்குக் கீழ, குழாய் மூட்டுக்குள்ள போற இடத்துல நகம் தட்டுச்சு. சுத்தி வர மயிரிழை மாதிரி ஒரு கோடு. பெயின்ட் வெடிச்சிருக்கும்னு சொல்லிக்கிட்டேன். யார்கிட்ட சொன்னேன், எனக்கேதான். மேல ரெண்டு தடவை பாலிஷ் போட்டேன், கோடு மறைஞ்சிடுச்சு.

ரெண்டு ஞாயித்துக்கிழமையில பூட்டி முடிச்சேன். செயின் கோத்து, பெடலைக் கையால சுத்தி, கியர் ஒவ்வொண்ணா விழுற சத்தத்தைக் கேட்டப்போ கண்ணு கலங்கிடுச்சு. பத்து நாள் ஓட்டினேன். சமதள ரோட்டுல பறந்துச்சு. ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சா மட்டும் முன்னாடி எங்கேயோ 'டக்'னு ஒரு சத்தம். பேக்டரியில எந்த மிஷின் இப்படிச் சத்தம் போட்டாலும் மறுநிமிசம் நிறுத்திப் பிரிச்சுப் பார்ப்பேன். இதைப் பிரிக்க மனசு வரல. பெடல்ல கிரீஸ் தடவிட்டு, இனி சரியாயிரும்னு விட்டுட்டேன். நாலு வருசம் காத்துக் கிடந்தவன், மறுபடியும் எலும்புக்கூடாப் பார்க்கப் பயந்தேன். அதுதான் நெசம்.

பதினோராம் நாள் ஞாயித்துக்கிழமை காலையில தம்பி வந்தான். அவன் எனக்கு ஒன்பது வயசு இளையவன். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்டுகளை ஏத்திக்கிட்டுப் போற ஜீப் ஓட்டுவான். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கல்லும் பள்ளமுமா ஆளைப் பிரட்டி எடுத்துடும். அதுல ஒத்தக் கையால ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால வெளிய காட்டிக் கதை சொல்லிக்கிட்டே போவான். ஆளும் நல்ல வாட்டசாட்டம். சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்தான்.

"ஏண்ணே, ஸ்டாண்டு எங்க?"

"இதுக்கு ஸ்டாண்டு கிடையாது."

"கேரியர்? மட்கார்டு? பெல்லாவது இருக்கா?" அவன் மதினியைப் பார்த்துக் கண்ணடிச்சான். "நாலு வருசமாக் கட்டியும் பாதி சைக்கிள்தான் தேறிச்சா?"

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. என் கோபம் லயத்துக்கே தெரிஞ்சதுதான். நாலு வருசத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, நல்லாருக்குன்னு சொல்லலையேன்னு வயிறு எரிஞ்சுச்சு. "வாயை மூடிட்டு ஏறிப் பாருடா"ன்னு கத்தினேன். அவன் வேண்டாம்ணே, எனக்கு இதெல்லாம் பழக்கமில்லன்னான். நான் விடல. சீட்டை அவன் உயரத்துக்கு ஏத்திக் குடுத்து, ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து, பெரியகானல் இறக்கத்தைக் காட்டி, "போய்ட்டு வந்து பேசு"ன்னேன். நான்தான் ஏத்தி விட்டேன். அவன் கேக்கவே இல்ல.

முதல் வளைவு வரைக்கும் நல்லாப் போனான். "அண்ணே, சூப்பர்ணே!"ன்னு கத்துனது கேட்டுச்சு. நாலு வருசமா நான் காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அது. வளைவுல பிரேக் பிடிச்சான். விறகு பிளக்குற மாதிரி ஒரு சத்தம். ஹேண்டிலும் முன் சக்கரமும் தனியாப் போச்சு. அவன் வலது கையை ஊனி ஓரத்துக் கல்லுமேல விழுந்தான். நான் ஓடிப் போனப்போ எலும்பு வெளிய தெரிஞ்சுது. அவனோட ஜீப்புலயே அவனைப் படுக்கப் போட்டு, வேற ஒருத்தன் ஓட்டி, மலை இறங்கித் தேனிக்குக் கொண்டு போனோம். வழி நெடுக அவன் கத்தினான், நான் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவனை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தப்போ, யாரோ சைக்கிளை வாசல்ல கொண்டு வந்து போட்டிருந்தாங்க. குத்தவச்சுப் பார்த்தேன். குழாய் உடையல. மூட்டுல இருந்து உருவிக்கிட்டு வந்திருந்துச்சு. உள்ள இருந்த பசை காப்பிக்கலர்ல, விரல்ல தேய்ச்சா பொடிஞ்சு உதிர்ந்துச்சு. மோந்து பார்த்தேன், அடுப்புப் புகை வாசம் அடிச்சுது. இருந்தும் நப்பாசை, கோயம்புத்தூர் கடைக்காரருக்குப் படம் அனுப்பிக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏனுங்க, இது எங்கயாச்சும் சூட்டுல கெடந்துச்சுங்களா?"ன்னு கேட்டார். இல்லைங்க, பத்திரமாத்தான் வச்சிருந்தேன்னு சொல்லிட்டு போனை வச்சேன். மறுவாரம் அந்தத் துண்டுகளைச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் ட்ரையர் உலையில போட்டுட்டேன்.

லயத்துல ஆளாளுக்கு ஒரு பேச்சு. கடைசியில எல்லாரும் ஒண்ணுல வந்து நின்னாங்க. டூரிஸ்டுங்க ஓட்டுற இந்த மாதிரிச் சைக்கிள்ல இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிச்சா வண்டி கவுந்து உடையத்தான் செய்யும், ஜீப் ஓட்டுறவனுக்கு அது எங்க தெரியும்? நான் ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ரெண்டு ஆபரேஷன் நடந்துச்சு. ஸ்டீரிங்கை அந்தக் கையால பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு ஜீப்பை வேற ஆளுக்கு விட்டான். இப்ப ஒரு ரிசார்ட் கேட்டுல வாட்ச்மேன். வண்டி வந்தா இடது கையால கம்பியைத் தூக்கி விடுறான். உள்ள போற ஜீப்புக்காரங்க பூராவும் அவன் கூட்டாளிங்க. அவங்க ஹாரன் அடிக்கும்போது அவன் சிரிக்கிறதை என்னால பார்க்க முடியல.

எட்டு மாசம் அப்படியே ஓடிச்சு. சோறு இறங்கல. ஒரு நாள் சாயங்காலம், இன்னைக்குச் சொல்லிடணும்னு அவன் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன். அடுப்புக்கு மேல தொங்கவிட்டேன், கோட்டைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டேன், தெரிஞ்சும் உன்னை ஏத்தி விட்டேன். அவ்வளவுதான். நாலு வார்த்தை.

அவன் கட்டில்ல உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திரிச்சான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "அண்ணே, நானே வரணும்னு இருந்தேன்"ன்னான்.

"என்னடா?"

"முன் பிரேக்கைப் பிடிச்சுட்டேண்ணே. அறிவு இல்லாமப் பிடிச்சுட்டேன். நீ நாலு வருசம் ஆசை ஆசையாக் கட்டின சாமான். ஒரு வளைவுல உடைச்சுப் போட்டுட்டேன். நீ ஒரு வார்த்தை என்னைக் கேக்கல பாரு, அதுதாண்ணே எனக்குத் தாங்கல."

இடது கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். கதவோரம் நின்ன அவன் பொண்டாட்டியும் முந்தானையால கண்ணைத் துடைச்சா. சொல்லு, இப்பச் சொல்லுன்னு உள்ள ஒருத்தன் கிடந்து அடிச்சுக்கிட்டான்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதண்ணே. என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

"மன்னிச்சுட்டேன்டா"ன்னேன்.